வார்ப்புக்கு முந்தின ராத்திரி

முதல் நாள், வியாழன்

உழவன் எக்ஸ்பிரஸ் கும்பகோணத்தில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. தாம்பரத்தில் ஏறியதிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை. ரயில்மேல் பழி போட முடியாது. நாலு மாதமாகவே ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. விழித்துக்கொண்டு எதை நினைப்பாய் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடலை எண்ணெயை.

விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுவது என் பிழைப்பு. ஒரு கடலை எண்ணெய்க்கு ஒற்றை வரி கேட்டார்கள். பதினாலு வரி கொடுத்துவிட்டேன். பதினாலுக்கும் ஒரே பதில்: "நல்லாருக்கு மேடம், இன்னும் கொஞ்சம் மனசைத் தொடணும்." எண்ணெய் நெஞ்சைத் தொட்டால் டாக்டரிடம்தான் போகணும் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. முன்பணம் வாங்கிப் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியாகிவிட்டதால் வாயைப் பொத்திக்கொண்டேன். பதினைந்தாவது வரி வருவேனா என்கிறது. திரை முன்னால் உட்கார்ந்தால் கை எழும்பவே மாட்டேன் என்கிறது. பதினெட்டு வருஷ வேலையில் இப்படி ஆனதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமா போன் செய்தார். அம்மாவின் ஊர்க் கோயிலுக்குச் சுவாமிமலையில் ஓர் அம்பாள் விக்கிரகம் செய்யக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை அடி, உற்சவர். வார்க்கிற அன்றைக்கு ஊர் சார்பில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமாம். மாமாவுக்கு முழங்கால் வலி. "நீ சும்மாதானே இருக்கே, போயிட்டு வாம்மா" என்றார். சும்மா இருக்கிறேன் என்று யார் சொன்னது என்று அவரோடு சண்டை போட்டுவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

கைப்பையில் ஒரு காகிதப் பொட்டலம். சிலைக்கு உருக்கும் உலோகத்தில் போடச் சொல்லி ஊர்ப் பெண்கள் கொடுத்தது. திருகு தேய்ந்துபோன மூக்குத்தி ஒன்று, கொலுசு மணிகள் ஏழெட்டு, ஒற்றைத் தோட்டில் பாதி. எடை போட்டால் பொன் ஒரு கிராம் தேறினால் அதிகம். அது பத்திரமாக இருக்கிறதா என்று மாமா இதுவரை நாலு தடவை கேட்டுவிட்டார்.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்தது. காலையில் இட்லிமேல் கடப்பா ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் கசகசாவும் சேர்ந்து கொழகொழவென்று, குருமாவும் இல்லாமல் சாம்பாரும் இல்லாமல் ஒன்று. பித்தளை டபராவில் காப்பி. பகல் முழுக்கத் தூங்கிவிட்டேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

இரண்டாம் நாள், வெள்ளி

டவுன் பஸ்ஸில் சுவாமிமலை. முதலில் கோயில். முருகன் கட்டுமலைமேல் இருக்கிறார். ஏறுவதற்கு 60 படி, படிக்கு ஒரு தமிழ் வருஷத்தின் பேர். நான் 1984, ரக்தாட்சி, அறுபதில் ஐம்பத்தெட்டாவது. இப்போது நடக்கிற விசுவாவசு முப்பத்தொன்பதாவது. என் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் 19 படி இருக்கிறது. அதற்குள் அந்த ஒரு வரி வந்துவிடும் என்று வேண்டிக்கொண்டேன்.

பட்டறை ஒரு சந்துக்குள். முன்பக்கம் ஓட்டுத் தாழ்வாரம், பின்பக்கம் கொல்லையில் உலை. ஸ்தபதிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சுவரில் அவருடைய அப்பா படம், பக்கத்தில் முருகன் காலண்டர். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறியது குங்கிலிய வாசனை.

"அம்பாளைப் பாக்கலாமாய்யா?"

"இதோ இருக்காளே."

அவர் காட்டிய இடத்தில் பெரிய கருணைக்கிழங்கு மாதிரி ஒரு மண் உருண்டை கிடந்தது. சுற்றிலும் கம்பி வரிந்திருந்தது. முகமும் இல்லை, கையும் இல்லை. மெழுகில் செய்த அம்பாள் அதற்குள்ளே இருக்கிறாள். மேலே மண் பூசிக் கருக்கட்டி வைத்தாயிற்று. முதல் பூச்சு காவேரி வண்டலை மை மாதிரி அரைத்துப் பூசுவது. நகையின் மெல்லிய கோடுகளைக்கூட அதுதான் பிடித்துக்கொள்ளும். அது நிழலில் காய்ந்த பிறகு வயல் மண்ணும் மணலும் கலந்து கனமாக இன்னும் இரண்டு பூச்சு. ஏன் நிழலில் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பையன் சிரித்தான். "வெயில்ல வச்சா மெழுகு உருகிடும்க்கா." கேட்டிருக்க வேண்டாம்.

ஸ்தபதி கையில் வேறொரு சிலை இருந்தது. சந்திரசேகரர், சிவனின் ஒரு வடிவம், இன்னும் மெழுகுதான். கரியடுப்பில் சட்டி, பக்கத்தில் ஒரு குண்டானில் தண்ணீர். சூடு காட்டிய கம்பியால் மெழுகைத் தொடுகிறார், இழைக்கிறார், தண்ணீரில் முக்குகிறார். தொடை, மார்பு, கை, தலை எல்லாம் தனித்தனியாகச் செய்து ஒட்டுகிறார்கள். அளவுக்கு டேப் கிடையாது. சிலையின் உயரத்துக்கு நறுக்கிய ஒரு தென்னை ஓலைத் துண்டுதான் அளவுகோல். அதை மடித்து மடித்துப் பாகம் பிரித்துக்கொள்கிறார். முகத்தின் நீளம் ஒரு தாளம், தாளத்துக்கு 12 அங்குலம். இது இஞ்ச் அல்ல, தாளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்த பாகம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம். பத்துத் தாளம் என்றால் 120 தானே வர வேண்டும், 124 என்கிறார். 120 மத்திமமாம், உத்தமத்துக்கு நாலு கூடுதல். சாஸ்திரமே கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கிறது.

"மெழுகுல என்னங்கய்யா கலக்குறீங்க?"

"தேன்மெழுகு, குங்கிலியம், கடலெண்ணெய்."

நான் சிரித்த சிரிப்பில் அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டு, "எண்ணெய் எதுக்குன்னா, மெழுகு வளையறதுக்கு. வெறும் குங்கிலியம் போட்டா முறுக்கிக்கும், பட்டுனு உடையும். எண்ணெய் கூடிட்டா நிக்காது, தொவண்டுரும். காலத்துக்குத் தக்கன மாத்தணும். சித்திரையில விடற எண்ணெய மார்கழியில விட முடியாது" என்றார். நான் மூன்று மாதம் எழுதியதில் ஒரு வரிகூட எண்ணெய் என்ன செய்யும் என்று சொல்லவில்லை. அம்மா, பாசம், பாரம்பரியம் என்று எதையெதையோ எழுதியிருக்கிறேன்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று சந்திரசேகரரின் வலது மேல் கையை மணிக்கட்டோடு வெட்டி எடுத்தார். எனக்குத் திக்கென்றது. மழுவைப் பிடித்திருந்த அழகான கை. மூன்று நாள் வேலை என்று பையன் சொன்னான். சட்டியில் போட்டார், கரைந்தது.

"நல்லாத்தானேய்யா இருந்துச்சு?"

"தூக்கம் இல்லாத கை மாதிரி இருந்துச்சு. வெறைப்பா. மெழுகா இருக்கற வரைக்கும்தாம்மா இதெல்லாம். செம்பாயிட்டா நாம சொன்னா கேக்காது."

பையன் எனக்கும் ஒரு உருண்டை மெழுகு கொடுத்தான். ஒரு விரல் செய்து பாருங்கள் என்றான். முக்கால் மணி நேரம். கடைசியில் வந்தது விரல் அல்ல, பச்சை மிளகாய். அவன் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டியில் போட்டான். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் எண்ணெய் ஞாபகம் வரவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள், சனி

மழை. விடியற்காலை பிடித்தது, விடவில்லை. புரட்டாசி மழை. பையன் போன் செய்தான். கரு காயாமல் வார்க்க முடியாது; மண்ணுக்குள் ஈரம் இருந்தால் உருக்கிய உலோகம் உள்ளே போனதும் ஆவி கிளம்பி வெடித்துவிடும். திங்கள்கிழமை பார்க்கலாம் என்றான். மாமாவுக்குச் சொன்னேன். "மழைன்னா அவங்க வேற ஏற்பாடு பண்ண மாட்டாங்களா?" என்றார். மண் காய்வதற்கு என்ன ஏற்பாடு செய்வது?

நேற்று எழுதியதைப் படித்த தோழி ஒருத்தி, "அவங்க வாழ்க்கைதான் வாழ்க்கை, எவ்வளவு நிம்மதி பாரு" என்று அனுப்பியிருக்கிறாள். நிம்மதி என்று நான் எங்கேயும் எழுதவில்லையே! திங்கள்கிழமைக்குப் பிறகு அவளுக்குப் பதில் சொல்கிறேன்.

குடையோடு சாரங்கபாணி சன்னதித் தெருவுக்குப் போனேன். ராமானுஜன் வீடு. கணிதத்தில் எனக்குப் பிளஸ் டூவோடு சரி. ஆனால் கவலைப்பட்ட மனிதர் ஒருவர் வளர்ந்த வீட்டைப் பார்க்கக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சின்ன ஓட்டு வீடு, திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஒரு கட்டில். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நேற்று மெழுகைப் பார்த்துவிட்டு வந்ததால் எனக்கு அது ஏழ்மைக் கதையாக மட்டும் படவில்லை. அழிக்கத் துணி தேடினால் அந்த நொடியில் யோசனை ஓடிவிடும். முழங்கை பக்கத்திலேயே இருந்தது.

வறுமையில்தான் மேதை பிறக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த வீட்டைத்தான் காட்டுவார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஆண்டுகளைப் பாருங்கள். 1904இல் உதவித்தொகையோடு இந்த ஊர் அரசுக் கல்லூரியில் சேர்கிறார். மற்ற பாடங்களைக் கைவிட்டதில் உதவித்தொகை போகிறது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போகிறார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் தேறவில்லை. 1909இல் கல்யாணம். அப்புறம் வேலை கேட்டு வீடு வீடாக அலைச்சல். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கிறது, மாதம் 30 ரூபாய். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு, தன் கணக்குகளை எழுதிய அந்தக் கடிதம் போனது 1913 ஜனவரியில். மாசம் பிறந்தால் முப்பது ரூபாய் வரும் என்று ஆன பிறகு. பட்டினியிலும் கணக்குப் போட்டார், உண்மைதான். ஆனால் தலை நிமிர்ந்து இன்னொருவருக்குக் கடிதம் எழுதச் சம்பளம் தேவைப்பட்டது என்று நான் படித்துக்கொள்கிறேன்.

அதே கல்லூரியில்தான் உ.வே.சாமிநாதையர் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்தார். இந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். இவர் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்க, அவர் கொஞ்சமும் அசராமல் சிந்தாமணி படித்ததுண்டா என்றாராம். படித்ததில்லை. ஏழு வருஷம் கழித்து, 1887இல், சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பகலில் வகுப்பு, மற்ற நேரத்தில் ஏடு. ராமானுஜன் பிறந்ததும் அதே 1887. ஐயர் 1903இல் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். அடுத்த வருஷம் ராமானுஜன் இந்த ஊர்க் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு வருஷம் முன்னே பின்னே ஆகியிருந்தால் இவர் தமிழிலும் தவறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், சிரிக்கக் கூடாது.

நான்காம் நாள், ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. தாராசுரம் போனேன். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12ஆம் நூற்றாண்டு; 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தைத் தேடிப் பிடித்தேன். ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் யானை, இன்னொன்றை மறைத்தால் காளை. செதுக்கியவனுக்கு எவ்வளவு குஷியாக இருந்திருக்கும்! அதைப் பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு. இந்தத் தடவை எண்ணெய் அல்ல, மண் காய்ந்திருக்குமா என்று.

ஐந்தாம் நாள், திங்கள்

ராகுகாலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது கொல்லையில் வரட்டிச் சூளை எரிந்துகொண்டிருந்தது. விடிவதற்கு முன்பே பற்றவைத்திருக்கிறார்கள். கரு சூடேறச் சூடேற மெழுகு துவாரம் வழியாக ஒழுகி வெளியே வந்துவிடுகிறது. இத்தனை நாள் இழைத்த முகம், நகை, மடிசார் மடிப்பு எல்லாம் ஒரு தகரக் குவளையில் பழுப்பாகத் தேங்கி நின்றது. அம்பாள் இப்போது ஒரு காலியிடம், சுற்றிலும் மண்.

ஸ்தபதியின் கண் சிவந்திருந்தது. புகையா என்று கேட்டேன்.

"தூங்கலைம்மா."

"உடம்பு சரியில்லையா?"

பையன்தான் பதில் சொன்னான். "வார்ப்புக்கு மொத நாளு அவுரு தூங்க மாட்டாருக்கா. எப்பவுமே."

பெரியவர் மறுக்கவில்லை. "எங்கப்பாவும் அப்படித்தான். நான் நாப்பது வருஷமா வார்க்கறேன். ஒரு தடவ நல்லாத் தூங்கிட்டேன். அன்னிக்கு மொத்தமும் ஓட்டை விழுந்து போச்சு. தூங்கினதாலன்னு இல்ல. ஆனா அதுலேர்ந்து தூங்கறதில்ல" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தோழிக்குப் பதில் இதுதான். கையால் வேலை செய்கிறவர்களெல்லாம் கவலையற்றவர்கள் என்பது நாம் வார விடுமுறைக்கு வந்து கட்டிவிட்டுப் போகிற கதை. செம்பு விலை ஏறுவது, பாக்கி வராதது, புவிசார் குறியீடு கிடைத்த ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டு அச்சில் தள்ளிய சிலைகள் விற்பது, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன் எத்தனை நாள் இருப்பான் என்பது, இத்தனையும் இரண்டு மணி நேரத்தில் என் காதில் விழுந்தது. ஆனால் எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வார்ப்பு மாசத்துக்கு இரண்டோ மூன்றோ. அதற்கு முந்தின ராத்திரிகளைக் கவலைக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டார். மற்ற நாளில் ஒன்பதரைக்குக் குறட்டை என்று பையன் சாட்சி சொல்கிறான். என் கவலைக்கு அப்படி ஒரு கிழமை கிடையாது. அது நித்தியப்படி.

மெழுகை நிறுத்து வைத்த கணக்கு சுவரில் கரியால் எழுதியிருந்தது: 2 கிலோ 300. உலோகம் அதற்கு எட்டு ஒன்பது மடங்கு, வார்க்கிற வாய்க்குக் கொஞ்சம் கூட. உலோகம் உருக்குகிற பாத்திரமான மூசையில் செம்பும் பித்தளையும் ஈயமும் கொதித்துக்கொண்டிருந்தன. தீயின் ஓரம் பச்சையாக ஆனதும், "இப்பப் போடுங்கம்மா" என்றார். பொட்டலத்தைப் பிரித்தேன். கை நடுங்கியது. மூக்குத்தி, மணிகள், பாதித் தோடு. விழுந்ததும் தெரியவில்லை, கரைந்ததும் தெரியவில்லை. மாமாவிடம் வீடியோ காலில் காட்டினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கருவைப் பீடம் மேலே வருகிற மாதிரித் தலைகீழாகக் குழியில் புதைத்திருந்தார்கள். இரண்டு பேர் இடுக்கியில் மூசையைத் தூக்க, ஸ்தபதி ஒரு கம்பியால் கசடை ஒதுக்க, ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி உள்ளே இறங்கியது. நூல் அறக் கூடாது. யாரும் மூச்சுவிடவில்லை. ஒரு நிமிஷம் இருக்குமா? துவாரத்தில் தளும்பி நின்றதும் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டீ சொல்லுடா" என்றார்.

மத்தியானம் அவர் திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டார். உள்ளே அம்பாள் எப்படி இருக்கிறாள் என்று நாளைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அவருக்கு அதைப் பற்றி இனிக் கவலை இல்லை. நான்தான் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆறாம் நாள், செவ்வாய்

சுத்தியலால் தட்டித் தட்டி மண்ணை உடைத்தார்கள். முதலில் பீடம், பிறகு கால், கொசுவம். கறுத்துப்போய், சாம்பல் பூத்து, ஆனால் அவள்தான். முகத்திலிருந்து மண் உதிர்ந்தபோது நான் அழுதுவிட்டேன் என்பதை மாமாவிடம் சொல்லவில்லை.

பையன்தான் முதலில் பார்த்தான். தொங்குகிற இடது கை. பசுவின் வால் மாதிரித் தளர்ந்து விழ வேண்டிய கை. நான்கு விரல் இருந்தது. சுண்டுவிரல் பாதியில் மழுங்கி நின்றது.

"காத்து மாட்டிக்கிச்சு" என்றார் ஸ்தபதி. தலைகீழாக வார்க்கும்போது தொங்குகிற விரல்நுனி மேலே பார்த்து நிற்கும். உலோகம் ஏறி வரும்போது அங்கே இருக்கிற காற்று போக வழி வேண்டும். வழி விட்டிருந்தார்கள், போதவில்லை. ஷோகேஸில் வைக்கிற பொம்மையானால் பற்றவைத்து அராவி முடித்துவிடலாம். பூஜைக்குப் போகிற விக்கிரகத்தில் ஒட்டு வேலை ஆகாது. திரும்ப உருக்க வேண்டியதுதான். கருவையும் உடைத்தாயிற்று, மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாமா ஒரு நிமிஷம் பேசவே இல்லை. பிறகு, "தை மாசம் கும்பாபிஷேகம்னு பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சேம்மா" என்றார். பிறகு, "அந்த மூக்குத்தி?" என்றார். பெரியவர் போனை வாங்கிக்கொண்டார். "தங்கம் எங்கயும் போவாதுங்க, அவ மேலதான் இருக்கு. தைக்குள்ள வந்துடுவா. நான் சொல்றேன்ல." திட்டு வாங்கிக்கொண்டே ஆறேழு தடவை தலையாட்டினார். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கை லேசாக நடுங்கியது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அப்புறம் நேராகப் போய்ச் சட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நேற்று ஒழுகிய மெழுகு குவளையில் கட்டியாக இருந்தது. அதைத்தான் எடுத்து இளக்கினார். "கையிலேர்ந்து ஆரம்பிக்கறேன் இந்தத் தடவ" என்றார். என்னிடமா மெழுகிடமா தெரியவில்லை. மழை பெய்து காற்று குளிர்ந்திருந்தது. பையனைப் பார்த்து, "ரெண்டு சொட்டு கூட விடுடா" என்றார். அவன் எண்ணெய்ச் செம்பைச் சாய்த்தான்.

இதை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்பெனியிலிருந்து பதினைந்தாவது என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். 'மெழுகை வளைக்கும், முறுக்கை உடைக்கும்' என்று ஏதோ அனுப்பினேன். நன்றாகவே இல்லை. புதன்கிழமை வேறொன்று தருகிறேன் என்று சேர்த்தேன்.

வண்டி வருவதற்குள் பையன் ஒரு போட்டோ அனுப்பினான். தண்ணீர்க் குண்டானின் விளிம்பில் ஈரத்தோடு சாய்த்து வைத்த ஒரு மெழுகுக் கை. ஐந்து விரலும் இருக்கிறது. சுண்டுவிரல் கொஞ்சம் நீளமோ என்று எனக்குப் படுகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். நீளம்தான். நான் ஒன்றும் எழுதவில்லை, ஒரு கும்பிடு மட்டும் போட்டேன். ஒரு நிமிஷம் கழித்து அவனே எழுதினான்: "வெட்டிட்டாருக்கா."